ரெண்டு தட்டு

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, பட்டறைக்கு வந்தது எந்த வருஷம் என்று கேட்டிருந்தாய், சொல்கிறேன். எண்ணாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எழுத்தே வராதவனுக்கு எண் மட்டும் எங்கிருந்து வரும். ஆனால் அது ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் வெள்ளத்தில் சாய்ந்த வருஷம். சந்தைக்குப் பின்னால் இருந்த சினிமாக் கொட்டகை எரிந்து, படம் பார்க்கப் போனவர்கள் தீயைப் பார்த்துவிட்டு வந்த வருஷம். நம் பட்டறை முதலாளி, தன் மகளைப் பரீட்சையில் ஃபெயிலாக்கிய வாத்தியாருக்கே அவளைக் கட்டிக் கொடுத்த வருஷம். உன் மீசையில் ஒரு பக்கம் பொறி பட்டுக் கருகி, சமமாக இருக்கட்டும் என்று மறுபக்கத்தையும் நீ வழித்துவிட்ட வருஷமும் அதுதான்.

அந்த மீசைதான் சாட்சி. பாலம் சாய்ந்தபோது அது உன் மூஞ்சியில் இருந்தது, ஆற்றங்கரையில் உன் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். என் தங்கச்சி பட்டறைக்கு வேலைக்கு வந்த அன்று அது இல்லை. ஆக அவள் வந்தது பாலம் சாய்ந்ததற்கு அப்புறம். அவள் சொன்னதுதான் சரி. நீ தோற்றாய். நீங்கள் ரெண்டு பேரும் போட்ட பந்தயப்படி ஒரு வாரம் மாடிக்கு ஏறித் துணி காயப்போடுவது உன் பொறுப்பு.

அவள் வந்த முதல் நாளை நீ மறந்திருப்பாய். எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. தொட்டி செய்கிற கொட்டகையில் நான் தகடு பிடிக்க, நீ வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தாய். கீழே விழுகிற ராடு துண்டுகளைப் பொறுக்கும் வேலைக்கு அவளைச் சேர்த்தார்கள். கையில் ஒரு தகர டப்பா. அதனால் சாயங்காலத்துக்குள் பட்டறை முழுக்க அவளுக்கு ‘டப்பா’ என்று பேர் வைத்துவிட்டார்கள். (கல்யாணத்துக்கு அப்புறம் யாராவது அப்படிக் கூப்பிட்டால் நீ சுத்தியலோடு எழுந்து வருவாயே, அது வேறு கதை.) வெல்டர் தலையை ஆட்டி மாஸ்க்கை இறக்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிக்கொள்ள வேண்டும், அதுதான் அன்றைக்கு வழக்கம். புதிதாய் வந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? நீ வெளிச்சம் போட்டாய். அழகாக இருக்கிறதென்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

சாயங்காலம் கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி துடித்தாள். அம்மா உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கிக் கண்மேல் வைத்தாள். மறுநாள் காலை நீ வாசலில் வந்து நின்றாய். அம்மா ‘யாருப்பா நீ’ என்று கேட்டாள். நீ சொன்னாய்: ‘நேத்து வெளிச்சம் போட்டது நான்தாங்க.’

அதற்குப் பிறகுதான் நீ அந்தப் பழக்கத்தைக் கொண்டு வந்தாய். ராடைத் தொடுவதற்கு முன்னால் சின்னச் சுத்தியலால் தகட்டில் ரெண்டு தட்டு. டக், டக். கேட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முதலில் அவள் பக்கத்தில் இருந்தால் மட்டும் தட்டினாய். பிறகு அவள் இல்லாத இடத்திலும் தட்டினாய். பிறகு கொட்டகை முழுக்க எல்லா வெல்டர்களும் தட்ட ஆரம்பித்தார்கள். எவனும் உன்னைக் கேலி செய்யாமல் விடவில்லை, ஆனால் எவனும் தட்டாமலும் விடவில்லை.

இதயத்துக்காக நெஞ்சில் வைத்த பேட்டரி எப்படி இருக்கிறது? தையல் ஆறிவிட்டதா? போனில் கேட்கலாம் என்றால், தொட்டிக்குள் உட்கார்ந்து உட்கார்ந்து நீ காதைத் தொலைத்துவிட்டாய். நான் ‘உடம்பு எப்படி’ என்றால் நீ ‘நேத்துதான் பெயிண்ட் அடிச்சோம்’ என்கிறாய். அதனால்தான் கடிதம். மருமகள் எழுதுகிறாள். ‘நீங்க’ என்று எழுதட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அப்படி எழுதினால் வேறு யாருக்கோ போய்விடும்.

உன் மச்சான்
(கைநாட்டு)

(சின்ன மாமா, நான் மருமகள். உருளைக்கிழங்கு வைப்பதெல்லாம் வேண்டாம், அப்படி ஏதாவது ஆனால் கண் டாக்டரிடம் போகணும். இதை எழுதாதே என்கிறார், எழுதிவிட்டேன்.)


மார்ச் 11

அன்புள்ள மச்சானுக்கு,

தோற்றேன். துணி காயப்போடுகிறேன். உன் தங்கச்சி கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, சட்டையைத் தலைகீழாகத் தொங்கவிட்டதற்குக் குறை சொல்கிறாள். அவள் சொல்வது காதில் விழவில்லை என்பதால் பரவாயில்லை.

ஆனால் மச்சான், இத்தனை வருஷம் இந்த வீட்டில் இருந்துவிட்டு அந்தப் படியை இப்போதுதான் பார்த்தேன். வீட்டுக்கு வெளிப்பக்கமாக ஏறுகிற படி. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் வெறும் காற்று. கம்பி கிடையாது. சுவரில் அவள் கை உயரத்துக்கு ஒரு கோடு போயிருக்கிறது. சுண்ணாம்பு தேய்ந்து வழவழவென்று, கீழ்ப்படியிலிருந்து மேல்படி வரை. முட்டிவலியோடு அவள் உள்ளங்கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறிய கோடு அது. ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் ஊருக்கெல்லாம் படியும் கைப்பிடியும் செய்து கொடுத்தவன். என் வீட்டுப் படியில் பிடித்துக்கொள்ள ஒரு பைப் இல்லை. எப்படிப்பட்ட ஆள் நான்.

செய்யப் போகிறேன். பைப் வாங்கியாயிற்று. வெல்டிங் மெஷினுக்கு, கேட் செய்கிற கடைக்காரனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். டாக்டர், பேட்டரி இருப்பதால் வெல்டிங் பக்கம் போகக்கூடாது என்றார். நல்ல மனுஷன், ஆனால் வெல்டிங் என்றால் பட்டென்று ஷாக் அடிக்கிற வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் போல. நான் கையுறையை வெயிலில் காய வைத்துப் போடுவேன். காய்ந்த பலகை மேல் நிற்பேன். கேபிளைத் தோளில் சுற்ற மாட்டேன். எர்த் வயரை வெல்டிங் வைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வ வைப்பேன். கரண்ட் எந்த வழியாக எனக்குள் வரும், நீயே சொல்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஒரு பைப் இன்னொரு பைப்பின் மேல் உட்கார, முனையை மீன் வாய் மாதிரி வெட்டுவாயே, காகிதத்தைச் சுற்றி எப்படிக் கோடு போடுவாய்? எனக்கு அது எப்போதும் வந்ததில்லை. ஃபிட்டர் நீ இருந்தாய், நான் கற்றுக்கொள்ளவில்லை.

உன் தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம். முடித்த பிறகு தெரியட்டும்.

உன் மாப்பிள்ளை


மார்ச் 18

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மீன் வாய் எப்படி வெட்டுவது என்று சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தைப் பாதி படித்ததும் மருமகள் நிறுத்திவிட்டாள். ‘என்ன மாமா இது, விளையாட்டா?’ என்று என்னைத் திட்டினாள், நான்தான் வெல்டிங் வைக்கப் போகிற மாதிரி. அப்புறம் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அங்கே இதய டாக்டர் ஒரு பெண். நீ எழுதியதை அப்படியே படித்துக் காட்டினோம். பலகை, கையுறை, எர்த் எல்லாம் கேட்டுவிட்டு, ‘உங்க மாப்பிள்ளை ரொம்ப நல்லா வேலை தெரிஞ்சவர். ஷாக் அடிக்காம இருக்க இவ்வளவும் சரி. ஆனா இது ஷாக் சமாச்சாரம் இல்ல’ என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். உன் நெஞ்சில் இருப்பது ஒரு காவல்காரன். இதயம் தானாக அடிக்கிறதா என்று காது வைத்துக் கேட்டுக்கொண்டே இருப்பான். அடிக்காவிட்டால் ஒரு தட்டு தட்டி எழுப்புவான். வெல்டிங் கேபிளில் கரண்ட் ஓடும்போது அதைச் சுற்றி ஒரு காந்தம் உண்டாகிறதாம். கையுறை அதைத் தடுக்காது, பலகை தடுக்காது. அந்த இரைச்சலை இதயத் துடிப்பு என்று நினைத்துக் காவல்காரன் சும்மா இருந்துவிடுவான். இதயமும் சும்மா இருக்கும், அவனும் சும்மா இருப்பான். உன் காவல்காரனும் உன்னை மாதிரிதான் மாப்பிள்ளை, சத்தத்துக்கு நடுவில் அவனுக்குக் காது கேட்காது. வேறு சிலருக்கு டாக்டர் சோதித்துப் பார்த்துச் சம்மதிப்பதும் உண்டாம். அந்தப் பேட்டரியை நம்பியே ஓடுகிற உன் மாதிரி நெஞ்சுக்கு வேண்டவே வேண்டாம் என்றார்.

கவனமில்லாதவனாக இருந்தால் பயந்து ஒதுங்கியிருப்பாய். நீ கவனமானவன், அதனால்தான் தைரியமாகப் போய் நிற்கப் பார்க்கிறாய். நம் மேஸ்திரியை நினைத்துப் பார். ‘பலகை’ என்று பேர் வைத்தோமே, காய்ந்த பலகை இல்லாமல் யாரையும் தொட்டிக்குள் இறங்க விடாத மனுஷன். காலையில் ஒவ்வொருத்தன் கையுறைக்குள்ளும் விரலை விட்டுப் பார்ப்பார். வியர்வை ஈரம் இருந்தால் அன்றைக்கு உனக்கு மண்வெட்டிதான், ராடு பிடிக்கிற ஹோல்டர் கிடையாது. தொட்டிக்குள் ஒருத்தன் இருந்தால் வெளியில் ஒருத்தன் வேறு வேலை பார்க்காமல் நிற்க வேண்டும். அவர் என்ன சொல்வார், ஞாபகம் இருக்கிறதா? ‘தெரிஞ்ச ஆபத்துக்குப் பலகை போடலாம், தெரியாததுக்கு என்ன போடுவே? வெளிய வந்து நில்லு.’ அவ்வளவுதான். நீ வெளியே வந்து நில்.

அதோடு நீ வாங்கிய பைப் எது? வெள்ளி மாதிரி மின்னுகிற துத்தநாகப் பூச்சுப் பூசியதா? பூச்சைத் தேய்க்காமல் வெல்டிங் வைத்து அந்தப் புகையில் நம் பட்டறை ‘மூக்கன்’ சாயங்காலம் குளிர்க்காய்ச்சலில் நடுங்கியதை மறந்துவிட்டாயா? நெடியை வைத்தே இது எந்த ராடு என்று சொல்கிறவன், அவனே ஒரு நாள் அவசரத்தில் தேய்க்காமல் விட்டான். போர்வை மேல் போர்வை போட்டு நாம் மேலே உட்கார்ந்துகொண்டோம்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. உனக்குப் பிடிக்காது. அடித்தட்டு வைத்துத் தரையில் போல்ட் போடலாம். பைப்புக்கும் பைப்புக்கும் கவ்வு வைத்து இறுக்கலாம். வெளிச்சமே வேண்டாம், ரெண்டு ஸ்பானர் போதும். நான் வருகிறேன்.

உன் மச்சான்
(கைநாட்டு)


மார்ச் 26

மச்சானுக்கு,

கடிதம் வந்தது. போல்ட்.

நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். போல்ட் போட்டது பெண் பார்க்கப் போன மாதிரி, எப்ப வேணாலும் எழுந்து வந்துவிடலாம். வெல்டிங்தான் கல்யாணம். இதைச் சொல்லித்தானே ஆயுசு முழுக்க உன்னைக் கிண்டல் செய்தேன். இப்போது என் வீட்டு வாசலில், என் பெண்டாட்டி கை வைக்கிற பைப்பில் நட்டு தெரிந்தால் பட்டறைக்காரன் எவனாவது பார்த்து என்ன சொல்வான்? ‘கோட்டு’ பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பான். வேகாத வெயிலிலும் தோல் கோட்டைக் கழற்றாதவன், வீட்டுக்குக்கூட அதோடே போனவன், அவன் சிரிக்கும்படி நான் வாழ்ந்துவிடக் கூடாது.

நீ சொன்ன காந்தம் எல்லாம் இருக்கலாம். கீழ்க் கம்பத்தில் ரெண்டு டேக் அடித்துவிட்டேன், பொட்டு வைத்த மாதிரி துளி வெல்டிங். பூச்சைத் தேய்த்துவிட்டுத்தான் அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி அதன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

இதைப் பற்றி இனி எழுத வேண்டாம். உன் தங்கச்சியிடம் சொன்னாய் என்று தெரிந்தால் நமக்குள் கடிதமும் வேண்டாம்.

உன் மாப்பிள்ளை


ஏப்ரல் 2

மாப்பிள்ளைக்கு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆனதை நீ மறைத்தால் உன் கையெழுத்து சின்னதாகிவிடும். மருமகள் கடிதத்தைக் காட்டினாள். எனக்கு எழுத்துத் தெரியாது, அளவு தெரியும். முன்னால் எழுதிய கடிதத்தில் எறும்பு ஊர்ந்தது, இதில் எறும்புக் குஞ்சு ஊர்கிறது.

தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் நீ போய்விடுவாய், சொல்லாவிட்டால் வேறு மாதிரி போய்விடுவாய். ரெண்டு பக்கமும் தூக்கிப் பார்த்தேன். கோபித்துக்கொண்டு உயிரோடு இருக்கிற மாப்பிள்ளை எனக்குப் போதும். ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பேன். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நீ எழுதாவிட்டால் மருமகள் போன் போடுவாள், உனக்கு அல்ல.

மனசில் வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை, அதனால் சொல்கிறேன். நீயும் நானும் ஒரு தகட்டின் ரெண்டு பக்கம் நின்று வேலை பார்த்தவர்கள். நீ மாஸ்க்கை இறக்கினால் உனக்கு வெளியில் எதுவும் தெரியாது, அந்த வெளிச்சத்தைத் தவிர. அப்போது உனக்குக் கண் நான்தான். இப்போதும் நீ மாஸ்க்கை இறக்கிக்கொண்டுதான் பேசுகிறாய்.

மச்சான்
(கைநாட்டு)


ஏப்ரல் 4

அன்புள்ள மச்சானுக்கு,

மாட்டிக்கொண்டேன். நீ சொல்லவில்லை என்று தெரியும். நானேதான் சொல்லிக் கொடுத்தேன். கேள்.

நேற்று அவள் மூக்குக் கண்ணாடி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். போனதும், சாக்குப் போட்டு மறைத்து வைத்திருந்த மெஷினையும் கம்பத்தையும் படிக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தேன். பலகை போட்டேன். கையுறைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன், நன்றாகக் காய்ந்திருந்தது. எர்த் கவ்வ வைத்தேன். கம்பத்தில் அடுத்த இணைப்பு. மாஸ்க்கை இறக்கினேன். சுத்தியலை எடுத்து ரெண்டு தட்டு தட்டினேன்.

ஏன் தட்டினாய் என்று கேட்காதே. பக்கத்தில் ஈ காக்கை கிடையாது. ஒளிந்துகொண்டு செய்கிற வேலை. ஆனால் தட்டாமல் கை நகராது மச்சான், நீதான் பார்த்திருக்கிறாயே. அது எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பதும் எனக்குத் தெரியவில்லை, என் காதுக்கு அது எறும்பு நடக்கிற மாதிரி.

கண்ணாடிக்கடை பூட்டியிருந்ததாம். அவள் திரும்பி வந்து சமையலறையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். ரெண்டு தட்டு கேட்டதும், டம்ளரும் கையுமாக முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாளாம். திருப்பிய பிறகுதான், ‘நான் எதுக்கு இப்ப திரும்பினேன்’ என்று யோசித்தாளாம்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. தட்டியதில் பைப் நகர்ந்துவிட்டது, அதைச் சரி செய்துவிட்டு ராடைத் தொட்டேன், வெளிச்சம் வரவில்லை. மறுபடி தொட்டேன். ராடு ஈரமாக இருக்கும் என்று வேறு ராடு மாட்டினேன். மறுபடி ரெண்டு தட்டு. தொட்டேன். ஒன்றுமில்லை. மாஸ்க்கைத் தூக்கித் திரும்பினால் உன் தங்கச்சி பின்னால் நிற்கிறாள், கையில் வீட்டு மெயின் ஃபியூஸ் கட்டை. அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டும், நான் தட்டிய தட்டுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள் மச்சான். கரண்டே இல்லை, இருந்தும் திரும்பியிருந்தாள்.

அப்புறம் என் கேட்கிற காதுப் பக்கம் வந்தாள். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். ‘எதுக்கு இது’ என்றாள். படியைக் காட்டினேன். சுவரில் தேய்ந்த கோட்டைக் காட்டினேன். அவள் அந்தக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளும் அதைப் பார்த்ததில்லை போல.

அப்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். உன்னிடம் மறைத்ததும் அதுதான். அந்த ரெண்டு டேக் அடித்த அன்று, ரெண்டாவது முடியும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஹோல்டர் கையிலிருந்து நழுவியது, வெளிச்சம் நின்றது, பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டேன் என்ன, நினைக்க வைத்துக்கொண்டேன். உன் கடிதம் அப்போது அலமாரியில்தான் இருந்தது.

அவள் என் நெஞ்சில் பேட்டரி இருக்கிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இன்று காலை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அவர் மெஷின் வைத்துப் பார்த்துவிட்டு, பேட்டரிக்குப் பழுதில்லை, அந்த நேரத்துக்கு மட்டும் ஏமாந்திருக்கிறது என்றார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது.

மெஷின் கடைக்குப் போய்விட்டது. ஃபியூஸ் கட்டை இன்னும் அவள் இடுப்பில்தான் இருக்கிறது. விசிறி ஓடவில்லை, வியர்வை காகிதத்தில் விழுகிறது. ‘கரண்ட் வேணுமா?’ என்றாள். வேண்டும் என்றேன். ‘எங்க அண்ணனுக்கு லெட்டர் எழுதி முடிங்க, தர்றேன்’ என்றாள். எழுதி முடிக்கிறேன்.

வா மச்சான். ஸ்பானரோடு வா.

உன் மாப்பிள்ளை

எழுதிய பிறகு உன் ஏப்ரல் 2ஆம் தேதிக் கடிதம் வந்தது. என் கையெழுத்தை அளவெடுக்க மருமகளுக்கு நீ சொல்லிக் கொடுக்க வேண்டாம். இது பெரிதாக இருக்கிறதா பார்.


மே 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் ஸ்பானர் பையைப் பார்த்துவிட்டுக் கண்டக்டர் ‘பெரியவரே, பஸ்ஸைக் கழட்டிடாதீங்க’ என்றார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தேன்.

நீ என்னை நடத்திய விதத்தைத் தங்கச்சியின் அண்ணன் என்கிற முறையில் குறித்து வைத்திருக்கிறேன். முதல் நாள் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் தரையில் துளை போட்டு அடித்தட்டை உட்கார வைக்கும்போது, ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ‘கோணலா இருக்கு’ என்றாய். கோணல் இல்லை. ரசமட்டம் வைத்துக் காட்டினேன். ‘ரசமட்டமே கோணலா இருக்கும்’ என்றாய். மறுநாள் நாற்காலியைப் பக்கத்தில் போட்டுக்கொண்டாய். ‘இறுக்கிட்டியா?’ ‘இறுக்கிட்டேன்.’ ‘இன்னொரு சுத்து.’ ‘இறுக்கியாச்சுப்பா.’ ‘கல்யாணம் ஆகாதது, கழண்டுக்கும்.’ அப்போது என் தங்கச்சி தேநீர் டம்ளரை வைத்துவிட்டு, உன் காதில் சொன்னதை நானும் கேட்டேன். ‘நம்ம கல்யாணமும் நட்டு போல்ட்தான். தினம் நான் இறுக்கிக்கிட்டு இருக்கேன், உங்களுக்குத்தான் தெரியல.’ நீ டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாய். ஆயுசுக்கும் என்னைக் கிண்டல் செய்த அந்தப் பேச்சு அன்றோடு செத்தது. அதற்காகவே நான் பஸ் ஏறி வந்திருக்கலாம்.

கீழ்க் கம்பத்தில் நீ அடித்த ரெண்டு டேக்கையும் நான் தேய்க்கவில்லை. மேலே ஒரு கவ்வு வைத்தேன், அவ்வளவுதான். பலம் கவ்வில் இருக்கிறது. டேக் நீ வைத்தது என்பதற்காக இருக்கட்டும். துரு பிடிக்காமல் ஒரு கை பெயிண்ட் அடித்து வை. வருஷத்துக்கு ஒரு தடவை நட்டுகளைத் தொட்டுப் பார்த்து இறுக்கு. ஸ்பானரை அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். காந்தம் கிடையாது, கரண்ட் கிடையாது, காவல்காரன் நிம்மதியாகக் காது கொடுத்துக் கேட்பான்.

அவள் ஈரத்துணியைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் தடவை அந்தப் பைப்பைப் பிடித்து ஏறியபோது நீ என்ன பார்த்தாய் என்று தெரியாது. நான் சுவரைப் பார்த்தேன். சுவர்ப் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

மருமகளுக்கு நீ கொடுத்தனுப்பிய கத்தரிக்கோல் பிரமாதமாக வெட்டுகிறது என்கிறாள். (ஆமாம் சின்ன மாமா. கொடுத்தனுப்பிய அத்தைக்கும் சொல்லுங்கள்.) அடிக்கடி எழுது. பெரிய எழுத்தில்.

உன் மச்சான்
(கைநாட்டு)

கைநாட்டு வைத்து, கட்டை விரலைத் துடைத்த பிறகு ஞாபகம் வந்தது. மருமகள் உறையை ஒட்டப் போனாள், நிறுத்தினேன்.

கடைசிக் கவ்வை மாட்டினேனே, போல்ட் சரியாக உட்காரவில்லை. சுத்தியலால் அதன் தலையில் தட்டினேன், ரெண்டு தட்டு. வேண்டுமென்று இல்லை, போல்ட் அப்படித்தான் கேட்டது. மாடியில் என் தங்கச்சி துணி உதறிக்கொண்டிருந்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உனக்குக் கேட்கவில்லை, நீ நட்டு எண்ணிக்கொண்டிருந்தாய்.

பார்த்தவன் சிரிப்பான் என்று பயந்தாயே. பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொருத்தனாக நினைத்துப் பார்த்தேன். பலகை மேஸ்திரி தூக்கத்தில் போய்விட்டார், கடைசி வரை கட்டிலில் மெத்தை போடாமல் பலகை மேல்தான் படுத்தார். ‘கோட்டு’ போன மழைக்காலத்தில் செத்துப் போனான், உனக்கு யாரும் சொல்லவில்லை போல, அந்தக் கோட்டு இன்னும் அவன் வீட்டு ஆணியில் தொங்குகிறதாம். மூக்கன் மகள் வீட்டுக்குப் போன இடத்தில் முடிந்துவிட்டான். முதலாளியும் இல்லை, ஃபெயிலாக்கிய மாப்பிள்ளை வாத்தியாரும் இல்லை. நம் ரெண்டு பேரையும் கழித்துவிடு. நீ தட்டுகிறவன், நான் தகடு பிடிக்கிறவன். அந்தக் கொட்டகையில் உன் ரெண்டு தட்டுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஆள்தான் மாப்பிள்ளை. நீ சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தாலும் சரி, பட்டறைப் பேரைத்தான் சொல்வேன்.

டப்பா.